கேரவனில் தூங்கும் முன் ஒரு டார்ச் டெஸ்ட்

தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் பழைய டெம்போ டிராவலரைத் தானே கேரவனா மாத்தி போட்டோ அனுப்பியிருந்தார். கட்டில், சிங்க், ஏசி எல்லாம் அவர் கைவேலை. அருமை!

"ஜெனரேட்டர் எங்கண்ணே?"

"கட்டிலுக்கு நேர் கீழ, வண்டி அடியில."

பக்குன்னு ஆச்சு. 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தாங்க. ஜெனரேட்டர் புகையின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்திருந்தது.

இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமா ஹீமோகுளோபினைப் பிடிச்சுக்கும். தலைவலி, குமட்டல், அசதி வரும். பயணக் களைப்புன்னு படுத்துடுவோம். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் அப்பவும் 98 காட்டலாம், நம்பாதீங்க. உடனே வெளிக்காற்றுக்கு வந்து, ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஆக்சிஜன்தான் வைத்தியம்.

அண்ணனிடம் சொன்னது இதுதான். ராத்திரி உள்ளே விளக்கை அணைச்சிட்டு ஒருத்தர் உட்காரணும். இன்னொருத்தர் வண்டிக்கு அடியிலிருந்து டார்ச் அடிக்கணும். வெளிச்சம் வர்ற இடமெல்லாம் புகையும் வரும். பெரும்பாலும் வயருக்கும் பைப்புக்கும் நாமே போட்ட ஓட்டைகள். தகடு வெச்சு, சூடு தாங்கும் சீலன்ட் பூசுங்க. (கேஸ் சிலிண்டர் பெட்டியின் அடித்துளையை மட்டும் அடைச்சிடாதீங்க. எல்பிஜி கசிஞ்சா கீழேதான் இறங்கும்.) படுக்கிற உயரத்தில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம். இவ்வளவும் செஞ்சாலும் ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது.

"ஏசி இல்லாம எப்படி டாக்டர்?"

"ஊட்டிக்குத்தானே போறீங்க அண்ணே!"

மறுநாள் காலை ஓபியில் இருக்கும்போது மெசேஜ் வந்தது: "ஏழு ஓட்டை. மூணு கட்டிலுக்கு அடியிலேயே."