ஏழாவது படி

எங்கள் வீட்டு மாடிக்கு 16 படிகள். ஏறுகிறவர்களுக்குப் பதினைந்துதான். ஏழாவது படியின் முனை செங்கல்லும் சுண்ணாம்புமாகப் பெயர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மயிலாப்பூரில், கபாலீசுவரர் கோயில் மாட வீதியை ஒட்டிய சந்தில், நான்கு குடித்தனங்கள் உள்ள பழைய வீடு. எல்லோருடைய கால்களும் அந்தப் படியைத் தாண்டப் பழகிவிட்டன. நான் கையில் காபி டம்ளருடன், கதைக்கு முடிவு யோசித்துக்கொண்டே, கீழே பாராமல் தாண்டுவேன். அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு!

மாசி மாதம் ஒரு விடியற்காலையில் கீழ்ப் போர்ஷன் மாமி வடாம் பிழிய மொட்டைமாடிக்குப் புறப்பட்டாள். இடுப்பில் கூழ்ப் பாத்திரம். மாடிப்படி விளக்கு ப்யூஸ் போய் ஒரு வாரம். பல்ப் யார் வாங்குவது என்பதில் நான்கு குடித்தனங்களுக்கும் அபிப்பிராய பேதம். மாமியும் தாண்டத் தெரிந்தவள்தான். ஆனால் இருட்டில், பாத்திரத்துக்குக் கீழே படி தெரியவில்லை. வலது மணிக்கட்டு முறிந்தது.

வீட்டுக்காரர் மாலையே ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தார். "பார்த்து ஏறப்படாதோ, மாமி?" என்றார். நல்ல மனிதர்; மூன்று வருஷமாக வாடகையை ஏற்றவில்லை. ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் மாமா என்னிடம் வந்தார். "ஸார், நீங்க எழுதறவர். அவருக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்கோ."

வக்கீல் நண்பரைக் கேட்டேன். டில்லி சாந்தினி சௌக்கில் 1951-ல் ஒரு மணிக்கூண்டு இடிந்து விழுந்து சிலர் மாண்டார்கள். கட்டி எண்பது வருஷமான கூண்டு. அந்தக் காரைக்கு ஆயுள் நாற்பது, நாற்பத்தைந்து வருஷந்தான். பழுது தெரியாது என்று சொல்லிச் சொந்தக்காரர் தப்ப முடியாதென்று 1966-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சொந்தக்காரர் யார் தெரியுமோ? மாநகராட்சியேதான்!

"அது தெருவில் போனவர்கள் வழக்கு. ஆனாலும் பொதுப் படிக்கட்டை உங்கள் யாருக்கும் வாடகைக்கு விடவில்லையே, அது அவர் வசம்தான்" என்றார் நண்பர். தமிழ்நாட்டின் 2017-ஆம் வருஷச் சட்டம் கட்டுமானப் பழுதை வீட்டுக்காரர் தலையிலும், குழாய் வாஷரைக் குடியிருப்பவர் தலையிலும் வைத்திருக்கிறது. சொல்லியும் அவர் செய்யாவிட்டால் நாமே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.

"சரி, யாராவது அவரிடம் சொன்னீர்களா?" என்று கேட்டார்.

ஒருவரும் சொல்லவில்லை. அவர் மாடி ஏறி வருஷக்கணக்காகிறது. ரிப்பேர் என்று ஆரம்பித்தால், 'இடித்து பிளாட் கட்டிவிடுகிறேன், காலி செய்யுங்கள்' என்பாரோ என்ற பயம் நான்கு குடித்தனங்களுக்கும். எங்கள் சந்தில் அப்படிப் போன வீடுகள் அனேகம். தினம் பத்துப் பக்கம் எழுதுகிற நான், எட்டு மாதத்தில் இரண்டு வரி எழுதவில்லை.

அந்தக் கடிதத்துக்கு இரண்டு இரவு பிடித்தது. படி உடைந்தது எனக்கு எட்டு மாதமாகத் தெரியும் என்பதையும் எழுதி, கையெழுத்துப் போட்டேன். மாமா இரண்டு தடவை படித்தார். மடித்து என்னிடமே நீட்டினார்.

"அறுபத்து மூவர் முடியட்டும், ஸார். இந்த வருஷ உற்சவத்தையாவது இந்த வீட்டிலிருந்தே பார்த்துடறோம்."

அன்று சாயங்காலம் கடைக்குப் போய் ஒரு பல்ப் வாங்கி வந்து மாடிப்படியில் மாட்டினேன்.