நல்லார்பர் வெளியில் 230 வோல்ட்

மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்ஸ்மனிலிருந்து நல்லார்பர் வெளியைக் கடந்து செடூனாவுக்கு எயர் நெடுஞ்சாலையில் சுமார் 1,200 கிலோமீட்டர். பல்லடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் நடுவே 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. பெட்ரோல் பங்கும் விடுதியும் சேர்ந்த ரோட்ஹவுஸ்களில் காசு கொடுத்தால் மின் இணைப்பு கிடைக்கும். சாலையோரத் திறந்தவெளியில் வண்டியை நிறுத்தி உறங்குகிறவர்களுக்கு பேட்டரிதான் கதி.

கேரவனை இழுத்துக்கொண்டு கிழக்கே போன ஒரு கணவன் மனைவிக்கு இந்த மின்சாரக் கணக்கில் அக்கறை கொஞ்சம் அதிகம். உறக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு கணவருக்கு உண்டு. முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் சிபாப் கருவி இரவெல்லாம் ஓட வேண்டும். கேரவனில் 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரிகள் இரண்டும், 12 வோல்ட்டை 230 வோல்ட் ஆக்கும் 2,000 வாட் இன்வெர்ட்டரும் இருந்தன. சுத்தமான சைன் அலை தரும் வகை. மலிவு வகைகள் தரும் படிக்கட்டு அலையில் சில கருவிகள் சூடாகும், சில ஓடவே மறுக்கும்.

இன்வெர்ட்டர் இருந்தால் எல்லாம் ஓடும் என்ற எண்ணத்தைக் கெட்டில் ஒன்றே கலைத்துவிடும். 2,000 வாட் கெட்டில் வீட்டுச் சுவரிலிருந்து 9 ஆம்பியர்கூட இழுக்காது. அதே கெட்டிலுக்காக 12 வோல்ட் பேட்டரி, இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து, 180 ஆம்பியருக்கு மேல் தர வேண்டும்! அதனால்தான் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே விரல் தடிமனில், முடிந்த அளவு குட்டையாகக் கேபிள் போடுகிறார்கள். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் வைக்கிறார்கள். இவ்வளவு வேகமாக இழுத்தால் ஈய பேட்டரியின் வோல்ட் சரியும், இன்வெர்ட்டர் அலறி நின்றுவிடும். மின்வெட்டில் நம் வீட்டு இன்வெர்ட்டரை ஃபேன், லைட்டோடு நிறுத்திக்கொண்டு கீஸரை அதில் சேர்க்காமல் விடுகிறோமே, அதே நியாயம்தான். மனைவி தேநீருக்கு கேஸ் அடுப்பையே பற்றவைத்தார்.

சிபாப்பிலும் மின்சாரத்தைத் தின்பது வெப்பம்தான். காற்றை ஈரமாக்கும் ஹீட்டரை அணைத்தால் கருவியின் தேவை வெகுவாகக் குறைகிறது. 30 வாட் என்றே வைத்துக்கொண்டாலும் எட்டு மணி நேரத்துக்கு 20 ஆம்பியர்-மணி போதும். பாதிக்குக் கீழே இறக்கினால் ஈய பேட்டரியின் ஆயுள் தேயும் என்பதால் கையில் இருப்பது 100 ஆம்பியர்-மணிதான், ஆனாலும் தாராளம். கணவர் இன்னொன்றும் செய்தார்: சிபாப்பை 12 வோல்ட்டிலேயே ஓடவைக்கும் அடாப்டரை வாங்கிக்கொண்டு, படுக்கப்போகும்போது இன்வெர்ட்டரை அணைத்துவிட்டார். சும்மா இருக்கும் இன்வெர்ட்டர் ஓர் ஆம்பியர் குடித்தால்கூட, விடிவதற்குள் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் மின்சாரம் வீணாகிவிடும்.

இந்த வழியில் உள்ள ஹெட் ஆஃப் பைட் கடற்கரையில் திமிங்கிலங்களைப் பார்க்கக் குளிர்காலத்தில்தான் வர வேண்டும். தெற்கத்தி ரைட் திமிங்கிலங்கள் குட்டிகளோடு பாறைச் சரிவுக்கு வெகு அருகே மிதக்கும் அந்தக் காட்சிக்காக எவ்வளவு தூரமும் வரலாம். ஆனால் பகல் குறுகிய காலம் அது. சூரியனும் வடக்கே தாழ்ந்தே நகரும். கூரையில் படுத்திருக்கும் சோலார் பேனலுக்கு வெயில் சாய்வாகத்தான் விழும். அதனால் அவர்கள் ஒரு மடக்குப் பேனலையும் தரையில் வடக்கு நோக்கி நிமிர்த்தி வைத்தார்கள்.

செடூனாவில் கேரவன் பூங்காவின் 15 ஆம்பியர் கேபிளைச் செருகுமுன், இன்வெர்ட்டர் அணைந்திருக்கிறதா என்று கணவர் மறுபடி பார்த்தார். வெளி மின்சாரமும் இன்வெர்ட்டர் மின்சாரமும் ஒரே வயரிங்கில் சந்தித்தால் இன்வெர்ட்டர் எரிந்துபோகலாம். இரண்டில் ஒன்றை மட்டுமே உள்ளே விடும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வண்டியில் இருந்தது, ஆனாலும் பார்த்துக்கொண்டார்.