அஜந்தாவும் எங்கள் காமிராவும்

புசாவலில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அஜந்தா அண்டை வீடு போன்றது. ஜல்காவ் வரை 25 கிலோமீட்டர் இரயிற் பயணம்; அங்கிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் பேருந்து. பர்தாபூர் முச்சந்தியில் இறங்கி, அங்கே நிற்கும் வேறொரு பேருந்தில் ஏறினால் குகைகளின் அடிவாரம் வந்துவிடும். திங்கட்கிழமை விடுமுறை என்பதை மட்டும் அன்பர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

சென்ற தசராவின்போது நாங்கள் குடும்பத்துடன் அங்குச் சென்றது கண்டு களிப்பதற்காக மட்டுமன்று. படம் பிடித்து வருவதற்காகவும்தான். கும்பகோணத்தில் இருக்கும் எங்கள் அன்னையார் கல்கியின் ‘சிவகாமியின் சபத’த்தைப் பலமுறை படித்தவர். ஆயனச் சிற்பி அஜந்தா வர்ணத்தின் இரகசியத்தை அறியத் துடித்தாரல்லவா? அந்தத் துடிப்பு அன்னையாரையும் பற்றிக்கொண்டது. முழங்கால் வலியால் படியேற இயலாதவர். “எனக்குக் குகை வேண்டாமப்பா, அந்த வர்ணம் எப்படியிருக்கிறது என்று பார்த்தால் போதும்” என்று ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் சொல்வார். ஆகவே, பண்டிகைக்கு முன் வந்த இரயில்வே போனஸில் ஒரு பகுதியைக் கொண்டு, சட்டைப் பையில் அடங்கும் டிஜிட்டல் காமிரா ஒன்றை வாங்கினோம். பெட்டியின்மேல் ‘20 மெகாபிக்சல்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. “இதற்குமேல் என்ன வேண்டும்?” என்றார் கடைக்காரர்.

வாகோரா ஆறு குதிரை இலாட வடிவில் வளைந்தோட, அதன் செங்குத்தான பாறைச் சுவரில் ஏறத்தாழ 30 குகைகள் வரிசையாகக் குடையப்பட்டிருக்கின்றன. சில கிறிஸ்துவுக்கு முற்பட்டவை, பல கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் வாகாடகர் காலத்தவை. மழை ஓய்ந்த நாளாகையால் குன்றெல்லாம் பசுமை. அந்த வெயிலில் காமிரா குறையின்றி உழைத்தது. பிள்ளைகள் குரங்குகளைக்கூட விடவில்லை.

முதற்குகைக்குள் நுழைந்ததும் நிலைமை மாறியது. உள்ளே இருள்; ஆங்காங்கே மெல்லிய விளக்கொளி மட்டுமே. மின்வெட்டொளி பயன்படுத்தலாகாது என்று காவலர் தடுக்கிறார். அது நியாயமே, மண்பூச்சின்மேல் தீட்டிய வர்ணம் மிகையான ஒளியில் வெளிறிவிடும். முக்காலி வைப்பதற்கும் தனி அனுமதி வேண்டும். கண்கள் இருளுக்குப் பழகச் சிறிது நேரமாயிற்று. பிறகு, கருவறையின் இடப்புறத்தே பதுமபாணி மெல்ல மெல்ல வெளிப்பட்டார். தாழ்ந்த இமைகள், விரல்களிடையே தாமரை, மணிமுடியின் நுண்ணிய வேலைப்பாடு! எங்கள் இல்லத்தரசியார் வாய் திறவாது நின்றார், அஃது அபூர்வம். நாங்கள் பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுத்தோம். காமிராவின் முதுகிலிருந்த மூன்றங்குலத் திரையில் அவையெல்லாம் செவ்வையாகவே தோன்றின.

இரவு வீடு திரும்பிக் கணிப்பொறியில் இட்டுப் பார்த்தபோதுதான் ஏமாற்றம் விளங்கிற்று. முடியிலிருந்த முத்துக்கள் கரைந்து ஒரே பூச்சாகியிருந்தன. இமைக்கோட்டைக் காணோம். தாமரையும் அதன் பின்புலமும் ஒரே பழுப்பு. இருண்ட பகுதிகளிலெல்லாம் சிவப்பும் பச்சையுமாகப் பொடிப்புள்ளிகள்!

கடைக்குச் சென்று கேட்டோம். “பழுது ஒன்றுமில்லை, அதன் இயல்பே அதுதான்” என்று விடை வந்தது. வாங்குமுன் சொல்லியிருக்கலாமே! இவ்வகைக் காமிராக்கள் பலவற்றில் ஒளியை வாங்கும் சில்லு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அகலமும் 4½ மில்லிமீட்டர் உயரமுமே உடையது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிது. தொழில்முறைப் படக்காரர்களின் பெரிய காமிராவிலோ 36க்கு 24 மில்லிமீட்டர். பரப்பில் சுமார் 30 மடங்கு. அத்தனை சிறிய இடத்தை 20 மெகாபிக்சல், அதாவது இரண்டு கோடிப் புள்ளிகள், பங்கு போட்டுக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஒளி கிட்டும்? கிட்டிய சொற்பத்தைக் கருவி மிகைப்படுத்துகிறது. அதனால் பொடிப்புள்ளிகள் எழுகின்றன. அவற்றை மறைக்கப் பூசி மெழுகுகிறது. அந்த மெழுகலில் முத்தும் இமையும் போய்விடுகின்றன. பெட்டியின்மேல் அச்சிட்ட எண் பொய்யன்று. ஆனால் சில்லின் அளவை யாரும் கொட்டை எழுத்தில் அச்சிடுவதில்லை. அதே குகையில் மைத்துனர் மகன் கைப்பேசியில் எடுத்த படம் இதனினும் தெளிவாயிருந்தது. கைப்பேசி பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக இணைத்துவிடுகிறதாம். அதைக் கேட்டபோது எரிச்சல் இரட்டித்தது.

அஜந்தாவைப் படியெடுக்க முயன்று இடர்ப்பட்டவர் பலர். சென்னை இராணுவத்தைச் சேர்ந்த இராபர்ட் கில் என்பவர் 1844இல் இப்பணிக்கு அமர்த்தப்பெற்று, பல்லாண்டுகள் பாடுபட்டுத் தீட்டிய படிகளில் பெரும்பாலானவை 1866இல் இலண்டன் பளிங்கு மாளிகைத் தீயில் அழிந்தன. அவர் பின்னர்க் காமிராவும் கைக்கொண்டார். 1879இல் காலமான அவருடைய கல்லறை எங்கள் புசாவலிலேயே இருக்கிறது. பம்பாய் ஓவியப் பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ், மாணாக்கர்களுடன் 1872 முதல் 1885 வரை உருவாக்கிய படிகளிலும் பல, 1885இல் இலண்டனில் தீக்கிரையாயின. அண்மைக் காலத்தில் பினாய் பெஹல் என்பார், உள்ளே கிடைத்த மங்கலான ஒளியையே நெடுநேரம் வாங்கி, வர்ணத்தை உள்ளபடி படத்தில் கொணர்ந்தார். அதற்குரிய பொறுமையும் அனுமதியும் சுற்றுலாக் குடும்பத்துக்கு ஏது?

தீபாவளிக்கு ஊர் சென்றபோது, உள்ளவற்றுள் நல்லதொன்றைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துச் சென்றோம். அன்னையார் கண்ணாடி அணிந்து வெகுநேரம் பார்த்தார். “இதென்னப்பா, சாயம் போன புடவை மாதிரி இருக்கிறதே! இதற்கா அந்த ஆயனர் அப்படித் தவித்தார்?” என்றார். எங்களுக்கு நெஞ்சு சுருக்கென்றது. நேரில் கண்டதை வாயாற் சொல்லத் தொடங்கினோம். இமை தாழ்ந்திருப்பதைச் சொன்னோம்; இருளிலிருந்து முகம் வெளிவருவதைச் சொன்னோம். படத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அஜந்தாவில் முதியோரை நாற்காலியில் அமர்த்தி நால்வர் தூக்கிச் செல்லும் டோலி வசதி உண்டு என்று அப்போது எங்கள் இல்லத்தரசியார் எடுத்துரைத்தார். அன்றிரவே கூலி, தங்குமிடம் முதலியவற்றைக் கணக்கிட்டோம். தை பிறந்ததும் அன்னையாரை அழைத்து வருவதாகத் திட்டம். சென்னையிலிருந்து நவஜீவன் விரைவு வண்டியில் கீழ்ப்படுக்கை பதிவாகியிருக்கிறது.