பழைய பிக்கப்பும் புதிய கடனும்

வாகனம் பழசாகிவிட்டால் அதைத் திருத்தி வைத்திருப்பதா, விற்றுவிட்டுப் புதிதாக வாங்குவதா என்ற கேள்வி உலகெங்கும் உள்ளதுதான். ஆனால் இலங்கையில் இதற்கு விடை சொல்வது பெரும்பாலும் வாகனச் சொந்தக்காரர் அல்லர், வர்த்தமானிதான். அரசாங்கம் இறக்குமதிக் கதவைத் திறந்தால் வாங்குவோம், மூடினால் திருத்துவோம். எழுபது வயதை நெருங்கும் என் போன்றவர்கள் இந்தக் கதவு திறந்து மூடியதைப் பலமுறை கண்டவர்கள்.

1970 இலிருந்து 1977 வரை இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 1977 இல் ஜே.ஆர். ஜயவர்த்தன ஆட்சிக்கு வந்து பொருளாதாரத்தைத் திறந்துவிட்டபோது ஜப்பானிய வாகனங்கள் வந்து குவிந்தன. பின்னர் வடக்குக்கு மட்டும் வேறொரு கதவு மூடப்பட்டது. 1990 களில் பெற்றோல், பற்றறி, உதிரிப்பாகம் எதுவும் போகாத யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் கார்களும் மொரிஸ் மைனர்களும் சில துளி பெற்றோலில் கிளம்பி, மண்ணெண்ணெயில் ஓடின. கியூபாவில் ஐம்பதுகளின் அமெரிக்கக் கார்கள் இன்னும் ஓடுவதை வெளிநாட்டார் படம்பிடித்து வியப்பார்கள். அந்த வியப்பு எங்களுக்கு வராது. வழியில்லாதவன் கைத்திறன் எது என்று எங்களுக்குத் தெரியும்.

இப்போது எங்கள் வண்டிக்கு வருகிறேன். பத்திரிகையில் இதைக் ‘கெப் ரக வாகனம்’ என்று எழுதுவோம். ஊரில் பிக்கப் என்றால்தான் விளங்கும். 1991 ஆம் ஆண்டு ஜப்பானில் தயாரான டொயோட்டா ஹைலக்ஸ், ஒற்றைக் கெபின், 2446 கன சென்ரிமீற்றர் டீசல் இயந்திரம். அண்ணரும் நானும் 1997 இல் பாதிப் பாதிப் பணம் போட்டுக் கொழும்பில் பாவித்த வண்டியாக வாங்கினோம். அண்ணர் கட்டடச் சாமான் ஏற்றினார். எனக்குச் செய்திக்குப் போகவேண்டிய நாள்களில் வண்டி என்னிடம் வரும். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை எத்தனை தடவை அதைப் பாதைப்படகில் ஏற்றியிருப்போம் என்று கணக்கில்லை.

2006 ஜனவரி 24 இல் திருகோணமலையில் ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் வீதியில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின்னர் என்னைத் தனியே மோட்டார் சைக்கிளில் போக அண்ணர் விடவில்லை. தன் வேலையைக் கெடுத்துக்கொண்டு பிக்கப்பில் கூட்டிச் சென்றார். கதவின் தகடு குண்டைத் தடுக்காது என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார் என்பது பெரிய விடயம். அண்ணர் 2013 இல் காலமானார். அன்றிலிருந்து வண்டியில் பாதி அவருடைய குடும்பத்துக்குரியது. அவருடைய மகன், என் பெறாமகன், அதை வைத்து வாடகைக்கு ஓடுகிறான். மீன் பெட்டி, கிண்ணியாத் தயிர், கலியாண வீட்டுக் கதிரை, செத்த வீட்டுப் பந்தல் எல்லாம் ஏற்றுவான்.

2020 மார்ச்சில் கொரோனாவோடு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ஐத் தொட்டது. 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 ஜூன் இறுதியில் 460 ஆயிற்று. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. பெறாமகன் இரண்டு இரவுகள் வரிசையில் வண்டிக்குள் படுத்தான். இத்தனைக்கும் நாங்கள் இருப்பது 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கும் ஊரில்! வெள்ளைக்காரன் உலக யுத்த காலத்துக்கென்று கட்டிவிட்டுப்போன அந்தக் குதங்களை யார் யாருக்குக் கொடுப்பதென்று அதே 2022 ஜனவரியில்தான் ஒப்பந்தம் எழுதினார்கள். இந்திய எண்ணெய்க் கம்பனிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, கூட்டு நிறுவனத்துக்கு 61. கூட்டிப் பாருங்கள், கணக்குச் சரி. குதத்தில் எண்ணெய் இருந்ததா என்பது வேறு கணக்கு.

இறக்குமதி நின்ற அந்த ஐந்தாண்டுகளில் பாவித்த வாகனங்களின் விலை வானத்துக்கு ஏறியது. எங்கள் பிக்கப்புக்கும் நாங்கள் வாங்கிய விலையைப்போலப் பல மடங்கு தருவதாகச் சிலர் வந்து கேட்டார்கள். விற்றால் மாற்று வண்டிக்கு எங்கே போவது? விற்கவில்லை.

2025 பெப்ரவரி 1 இல் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியது. சுங்கத் தீர்வை, உற்பத்தி வரி, அவற்றின் மேல் 18 வீதப் பெறுமதி சேர் வரி எல்லாம் சேர, ஜப்பானிய இரட்டைக் கெபின் ஒன்று கோடி ரூபாவுக்கு மேலே போய்விட்டது. அது எங்களுக்கான பேச்சல்ல. ஆனால் இந்தியச் சிறு லொறிகள் இருக்கின்றன. பெறாமகன் ஒருநாள் விலைப்பட்டியலோடு வந்தான்.

“சித்தப்பா, பிக்கப்பை இப்ப வித்தால்தான் விலை. புது வண்டியள் வர வர இது விழுந்துபோகும். வித்த காசை முற்பணமாக் கட்டி, மிச்சத்துக்கு லீசிங் போடுவம்.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்னொரு விருப்பமும் அவனுக்கு இருந்தது. ஊழியர் சேமலாப நிதியாக எனக்குக் கிடைத்து வங்கியில் கிடக்கும் 40 இலட்சத்தைக் கொடுத்தால் லீசிங்கே வேண்டாம். அதை அவன் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவன் தாய் கேட்டார். ஓய்வூதியம் இல்லாத பத்திரிகைக்காரனுக்கும் மனைவிக்கும் மருந்துச் செலவு அந்த வட்டியிலிருந்துதான் போகிறது. 2022 இன் பிற்பகுதியில் 20 வீதத்துக்கு மேல் வட்டி தந்த வங்கிகள் 2025 இல் 8 வீதத்தைச் சுற்றியே தந்தன. அப்படியிருந்தும் 40 இலட்சத்துக்கு அது வருடம் 320,000 ரூபா.

உணர்ச்சியை ஒருபக்கம் வைத்துவிட்டுக் கடுதாசியில் எழுதிப் பார்த்தேன். எங்கள் பிக்கப் லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடுகிறது. புதியது 12 ஓடும் என்று வைத்துக்கொள்வோம். என்னைப்போல் ஒருவர் வருடத்தில் 9,000 கிலோமீற்றர் ஓடினால் 1,000 லீற்றருக்குப் பதில் 750 போதும். லீற்றர் 300 ரூபா என்றாலும் மிச்சம் 75,000. பழைய வண்டியின் திருத்தச் செலவு 150,000 என்று சேர்த்தாலும் 225,000 தான். இழக்கும் வட்டியே அதைவிட அதிகம். புதிய வண்டிக்கு முழுக் காப்புறுதியும் வேண்டும், விலைத் தேய்மானமும் உண்டு. எனக்கு மட்டும் என்றால் கேள்விக்கே இடமில்லை. பழசே இலாபம்.

பெறாமகன் ஓடுவதோ 30,000 கிலோமீற்றர். அவனுக்கு எரிபொருள் மிச்சமே இரண்டரை இலட்சம் வருகிறது. வண்டி கராஜில் நிற்கும் ஒவ்வொரு நாளும் கூலி போகிறது. உதிரிப்பாகத்துக்குப் பஞ்சிகாவத்தைக்குச் சொல்லி, பஸ்ஸில் வரும்வரை காத்திருக்கவேண்டும். ஆகவே ஒரே வண்டி எனக்கு இலாபம், அவனுக்கு நட்டம். பழசா புதுசா என்று கேட்பவர்கள் முதலில் எத்தனை கிலோமீற்றர், யாருடைய கை என்று கேட்கவேண்டும்.

பணத்தைவிடப் பெரிய விடயம் ஒன்று உண்டு. லிங்கநகர் துறைமுகப் பக்கத்து ஊர். உப்புக்காற்றும் மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீரும் இரும்பை உள்ளிருந்து தின்னும். இயந்திரத்தைப் புதுக்கலாம், கியர்பெட்டியை மாற்றலாம், சேசி முறிந்தால் அதோடு கதை முடிந்தது. கராஜ்காரர் வண்டியை உயர்த்தி, சேசியை முன்னிருந்து பின்னாகச் சுத்தியலால் தட்டிக்கொண்டு போனார். நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும், கறள் பிடித்தது தகரம்போல் சத்தமிடும். இரண்டு நீளச் சட்டங்களும் ஒலித்தன. பின்பக்கக் குறுக்குச் சட்டம் ஒன்று ஒலிக்கவில்லை. அதை வெட்டி எடுத்துப் புதிதாகப் போட்டோம். முன், பின் பிறேக் முழுவதும் மாற்றினோம். காற்றுப் பை முதலான நவீன காப்பு எதுவும் இதில் இல்லை, இனியும் வராது. ஆதலால் பின்பெட்டியில் ஆள் ஏற்றுவதில்லை, இரவில் கொழும்புப் பயணம் இல்லை என்று இரண்டு விதிகளை வைத்தோம். புகைப் பரிசோதனையில் தேறாவிட்டால் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. தேறியது.

லீசிங் விடயத்தில் பெறாமகனிடம் ஒன்று சொன்னேன். 30 இலட்சத்தை 14 வீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு எடுத்தால் தவணை மாதம் ஏறக்குறைய 70,000 ரூபா. தவணைக்கு வாடைக்காற்றுத் தெரியாது. நிலாவெளியில் உல்லாசப் பயணிகள் நிறையும் மே முதல் செப்ரெம்பர் வரை உழைப்பு வரும். கார்த்திகை மழையில் கடலும் இல்லை, கலியாணமும் குறைவு. கம்பனிக்கோ பன்னிரண்டு மாதமும் ஒன்றுதான்.

“கடன் எடுத்ததா நினைச்சுக்கொண்டு, இந்தப் பழைய வண்டியை ஓடியே மாசம் எழுபதாயிரத்தை உன்ர பேரில வங்கியில போடு, தம்பி. மழைக்காலத்திலும் போட ஏலுமெண்டால், என்ர பாதியையும் வித்து எடுத்துக்கொண்டு போ.”

அவன் முகம் கறுத்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டான். 2025 மே தொடக்கம் செப்ரெம்பர் வரை ஐந்து மாதமும் 70,000 தவறவில்லை. எனக்கே ஆச்சரியம். ஒக்டோபரில் 45,000. நவம்பரில் 20,000. அந்த மாத இறுதியில்தான் டித்வா புயல் அடித்தது. 2006 இல் மதகு மூடப்பட்டதால் யுத்தம் வெடித்த அதே மாவிலாற்றின் அணைக்கட்டு இம்முறை உடைப்பெடுத்து, மூதூர்ப் பக்கம் வெள்ளத்தில் ஆழ்ந்தது. தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் பெறாமகன் அரிசியும் குடிதண்ணீரும் ஏற்றிக்கொண்டு போனான். கணினி மூளை இல்லாத பழைய டீசல் இயந்திரம் சேற்றுத் தண்ணீருக்குள் சலிக்காமல் போனது. யாரிடமும் வாடகை வாங்கவில்லை. டிசம்பரில் வங்கியில் போட்டது பூச்சியம். ஜனவரியில் 30,000.

ஒன்பது மாதத்தில் சேர்ந்தது 445,000 ரூபா. லீசிங் எடுத்திருந்தால் கட்டவேண்டியிருந்தது 630,000. கடன்காரனாக இருந்திருந்தால் 185,000 ரூபா நிலுவையில் நிற்பான். தவணை தப்பிய வண்டியைக் கொண்டுபோக ஆள் வந்திருக்கும். டிசம்பரில் மூதூருக்கு அரிசி ஏற்றுவதா, தவணைக்கு ஓடுவதா என்று அவன் யோசித்திருக்கவும் வேண்டும்.

இந்த வருட மழை முடியும்வரை பிக்கப் இருக்கும் என்று தீர்மானித்திருக்கிறோம். அதற்குள் பத்து இலட்சம் சேர்ந்தால், வண்டி விற்ற காசையும் கூட்டிச் சிறிய கடனோடு புதியது எடுப்பான். அப்போது அண்ணரின் பாதி அவனுக்குச் சேரும். என் பாதியையும் முற்பணத்தில் சேர்க்கச் சொல்லிவிட்டேன். சேமலாப நிதியில் கைவைப்பதில்லை. அதற்கு முன் கராஜ்காரரின் சுத்தியலுக்கு நீளச் சட்டம் தகரச் சத்தம் கொடுத்தால், அன்றே வண்டி நின்றுவிடும், உதிரிக்கு விற்றுவிடுவோம். அண்ணர் ஓட்டிய வண்டி என்பதற்காக அவருடைய மகனை அதில் சாகவிட முடியாது.