வலிக்காத கால்

கட்டு மாற்றும் அறை. கட்டைப் பிரிக்கும் முன்பே சிஸ்டருக்கு வாடையில் தெரிந்துவிடுகிறது. போன தடவை வாடை வேறு, இது வேறு.

"வலிக்குதாம்மா?"

"இல்லீங்க சிஸ்டர். அதெல்லாம் ஒண்ணுமில்ல."

அந்த அம்மா நிம்மதியாகத்தான் சொல்கிறார். சிஸ்டர் முகத்தில் நிம்மதி இல்லை.

சர்க்கரை நோயால் உணர்வு போன கால். பெருவிரலுக்கு அடியில் புண். ஒரு ரூபாய் அகலம். சுற்றிலும் காய்த்துப்போன தோல். அதைச் சீவி எடுத்தபிறகு இரண்டு மடங்கு.

மழுங்கிய கம்பியால் மெல்லத் துழாவுகிறார்கள். எலும்பு தட்டினால் எக்ஸ்-ரே.

செருப்பு. டாக்டர் அறைக்கு வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறோம். ஒரு பெரியவரிடம் சிஸ்டர் அதை எடுத்துவரச் சொன்னார். அடியில் சின்ன ஆணி, மேலே வரை வந்திருக்கிறது. எப்போது ஏறியது என்று அவருக்குத் தெரியவில்லை.

நைலான் இழை ஒன்று. பாதத்தில் வைத்து அழுத்தினால் பத்து கிராம் அழுத்தத்தில் வளையும். கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். சில நிமிட வேலை. மருந்துச்சீட்டு எழுதும் நேரம்தான். ஏன் எல்லா இடத்திலும் செய்வதில்லை?

வேலூர். டாக்டர் பால் பிராண்ட் அங்கே வந்தது 1946-ல். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, உணர்வு போனதால் அடிபட்டு அடிபட்டுத் தேய்கின்றன என்று கண்டார். சிலருக்கு இரவில் எலி கடித்திருக்கிறது. தூக்கம் கலையவில்லை. வீட்டுக்குப் போகும்போது பூனை கொடுத்து அனுப்பினார்கள்.

1966-ல் பிராண்ட் அமெரிக்காவில் கார்வில் என்ற ஊருக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதங்களிலும் அதே புண், அதே இடங்களில். தொழுநோய்க்குப் போட்ட மாவுக்கட்டே அங்கும் உதவியது. நடக்கும்போது பாரம் பாதம் முழுக்கப் பரவும். புண்ணின் மேல் மட்டும் இறங்காது.

பத்தியம். முட்டை கூடாது, மீன் கூடாது, கத்திரிக்காய் கூடவே கூடாது. சீழ் பிடிக்குமாம். மூன்று வேளையும் கஞ்சி. புதுச் சதை வளரப் புரதம் வேண்டும். கஞ்சியோ சுகரை ஏற்றுகிறது. சுகர் ஏறினால் கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும். நோயாளியிடம் சொன்னால் தலையாட்டுகிறார். கூட வந்த மகளிடம் சொன்னால்தான் முட்டை அடுப்புக்குப் போகிறது.

ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்தால் எல்லோருக்கும் திருப்தி. முளைக்கிற இளஞ்சதையும் அதில் கெடும். சலைன் நுரைப்பதில்லை. வெறும் உப்புத்தண்ணியா என்று கேட்கிறார்கள்.

நல்ல சதை சிவப்பு. ஈரமாக, மணிமணியாக. கறுப்பு என்றால் செத்த சதை.

காகித ஸ்கேல். நீளம், அகலம், தேதி. நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகாவிட்டால் வேறு எதையோ தேட வேண்டும். ரத்த ஓட்டம், கிருமி, நடை.

அநேகமாக நடை. தண்ணீர் லாரி வந்தால் கட்டுப்போட்ட காலோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஓய்வெடுங்கள் என்று யாரிடம் சொல்வது? குடம் யார் தூக்குவது?

சித்திரை வெயில், கோயில் பிரகாரம், வெறுங்கால். கொப்புளத்தை முதலில் பார்த்தது பேத்தி.

வெந்நீர் ஒத்தடம். சூடு எவ்வளவு என்று அந்தக் காலுக்குத் தெரியாது. முழங்கையை விட்டுப் பார்க்கச் சொல்கிறார் சிஸ்டர்.

புண் உள்ள காலைத் தாங்கித் தாங்கி நடக்கும்போது பாரமெல்லாம் மற்றக் காலுக்கு. சிஸ்டர் அதையும் தூக்கிப் பார்க்கிறார், விரல் இடுக்கு உட்பட. டவலால் துடைத்துவிடுகிறார். யாரும் சொல்லாமலே.

ஆறிவிட்டது என்று இனிப்பு கொடுக்கிறார்கள். ஆறியவர்களில் பத்தில் நான்கு பேருக்கு ஒரு வருடத்துக்குள் மறுபடி வருகிறது.

அடுத்த தடவை சுகர் பார்க்கப் போனால், கேட்காவிட்டாலும் உள்ளங்காலைக் காட்டுங்கள். செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள்.