முதற்பயணத்தின் கைப்பெட்டி

புத்தளக் களப்புக்கும் பெருங்கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில், கடலை நோக்கியிருக்கும் ஊர் ஆலங்குடா. காற்றையும் திரையையும் நாடிப் பிறநாட்டார் அங்கு வருவர். வருவோருடன் அவர்தம் இசையும் வந்து சேருகின்றது. களப்புக்கு அப்பாலும் ஓர் இசை உண்டு. அது வேறு வகையில் கடல் கடந்து வந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கின், பாட்டு எவ்விடத்தில் வாழ்கின்றது என்னும் வினா எழுகின்றது.

1976ஆம் ஆண்டில் அயர்லாந்தின் டப்ளின் நகரில், மவுண்ட் டெம்பிள் பாடசாலை அறிவித்தற் பலகையில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டப்பட்டது. இசைக்குழு அமைக்கத் துணை தேடி அதனை ஒட்டிய லரி மலன் 14 வயது மாணவன். அவ்வழைப்பினாற் பிறந்த குழுவே பின்னர் 'யூ-டூ' எனப் பெயர்பெற்றது. 1980 ஒக்ரோபரில் அதன் முதலாவது இசைத்தட்டு வெளிவந்தது. 'போய்', அதாவது சிறுவன், என்பதே அதன் பெயர். 14 வயதிலே தாயை இழந்த பாடகர் போனோவின் துயரம் அதன் முதற்பாடலிலேயே ஒலிக்கின்றது. ஒருவன் அதுவரை வாழ்ந்த ஆண்டுகள் யாவும் அவனது முதற்படைப்பினுட் புகுந்துவிடுகின்றன. இரண்டாவது படைப்புக்கோ பயணத்தின் இடைவேளைகளே எஞ்சுகின்றன.

அவ்விடைவேளைகளில் எழுதிய வரிகளைப் போனோ ஒரு கைப்பெட்டியில் வைத்திருந்தார். முதற்றட்டுடன் குழுவினர் அமெரிக்காவிற் சுற்றிவந்தபோது, 1981 மார்ச்சில், ஒரிகன் மாநிலத்துப் போட்லண்ட் நகரில் அப்பெட்டி காணாமற் போயிற்று. அவ்வாண்டிலேயே வெளிவந்த 'ஒக்ரோபர்' என்னும் இரண்டாவது தட்டுக்கு, ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்றவாறே சொற்களைத் தேட நேர்ந்தது. பெட்டி உரியவரிடம் மீண்டது 2004இல். இடைப்பட்ட 23 ஆண்டுகளில் அச்சிறுவர் உலகறிந்த கலைஞராகிவிட்டனர். பெட்டியின் தேவையும் கடந்துவிட்டது.

இனிக் களப்புக்கு அப்பால் உள்ள இசைக்கு வருவோம். புத்தளம் நகருக்கு அண்மையில், அநுராதபுரம் செல்லும் வீதியிலே சிராம்பியடி என்னும் கிராமம் உள்ளது. பிரித்தானியரின் இலங்கைப் படைப்பிரிவிற் பணிபுரிந்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றனர். அவர்தம் இசையும் ஆடலும் 'மஞ்சா' எனப்படும். றபானும் சிரட்டையும் கண்ணாடிப் போத்தலும் கரண்டியுமே வாத்தியங்கள். மெல்லத் தொடங்கும் தாளம் படிப்படியாக விரைந்து, அமர்ந்திருப்போரையும் எழுந்தாடச் செய்யும். பாடல்களோ போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் அமைந்தவை. தாயிடமிருந்து மகளுக்குச் செவிவழியாகவே வந்தவை. ஊர் கடந்த மேடைகளிலும் இவர்கள் பாடியதுண்டு. அப்பயணங்களிலே தொலைப்பதற்குக் கைப்பெட்டி தேவைப்படவில்லை.

ஆயினும், ஏட்டில் எழுதாத பாட்டுக்கு இழப்பே இல்லை என எண்ணுதல் பிழையாகும். சிராம்பியடி இளையோரின் அன்றாட வழக்கு இன்று சிங்களமாகிவிட்டது. பாடல்வரிகள் நாவில் நிற்கின்றன. அவற்றின் பொருளோ சிறிது சிறிதாக அகன்று செல்கின்றது. சொல்லின் பொருள் அகன்றபின் அதன் ஒலி திரிவதும், ஒலி திரிந்தபின் அடியே மறைவதும் நாட்டார் பாடல்களில் நாம் காண்பவையே. தொலைந்த காகிதம் என்றேனும் ஒரு வீட்டின் மூலையிலே அகப்படலாம். முதியவள் ஒருத்தியின் மூச்சோடு போன அடி எங்கும் அகப்படுவதில்லை.

டப்ளின் சிறுவருக்கு ஒரு தட்டு நிறுவனமும் ஊர் ஊராய்ச் செல்லும் வாய்ப்பும் கிட்டின. அவை கிட்டாத பாட்டுக்காரருக்குச் செவிகொடுக்க வேண்டியோர் எவர்? மொழியும் இசையும் பயில்வோர்க்கே அக்கடமை முதலில் உரியது. ஒலியைப் பதியும் கருவி இன்று மாணவர் ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் உள்ளது. பாடுவோரின் அருகிலமர்ந்து, இச்சொல்லுக்கு என்ன பொருள் என வினவி, விடை வரும்வரை காத்திருக்கும் பொறுமையே இன்னும் வேண்டப்படுவது. அதற்கும் காலம் அதிகம் இல்லை.