தாத்தா கார்... எது பழசு, எது புதுசு?

உங்க வீட்டுக் கொட்டகையில ஒரு பழைய கார் தூங்குதுனு வெச்சுக்குங்க. அதை எழுப்பி ஓட வைக்கணும். துருப்பிடிச்சதை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டுவீங்களா... இல்லை, பழசையே தட்டிக்கொட்டி காப்பாத்துவீங்களா? 'காசு இருந்தா புதுசு, இதென்ன பெரிய மேட்டர்?'னு கேக்குறவங்க கொஞ்சம் வெயிட் பண்ணுங்க பாஸ். இந்தக் கேள்வியில எங்க வீடே ரெண்டு கட்சியா பிரிஞ்சு போச்சு!

மணப்பாறையைத் தாண்டினா வர்ற வையம்பட்டிதான் எங்க ஊர். தாத்தாவோட 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இருபது வருஷமா மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்துல நின்னுச்சு. இங்கிலாந்தோட ட்ரையம்ப் ஹெரால்டை, 1961-ல இருந்து ஸ்டாண்டர்டு கம்பெனி சென்னையில தயாரிச்சது. இத்தாலிக்காரர் மிச்செலோட்டியோட டிசைன். இப்ப வர்ற கார்கள் மாதிரி பாடியும் சேஸிஸும் ஒண்ணா இருக்காது. தனி சேஸிஸ், அதுமேல துண்டு துண்டா போல்ட் போட்டு முடுக்கின பாடி. கழட்டி மாட்டுறது ஈஸி. பிரச்னையே அதுலதான்!

உடைக்கப்போன இன்னொரு ஹெரால்டுல இருந்து, துருவே இல்லாத டிரைவர் பக்கக் கதவுக்கு சித்தப்பா விலை பேசிட்டார். அப்பா 'முடியவே முடியாது'ன்னுட்டார். பழைய கதவுல ஒரு நசுங்கல் இருக்கு. அத்தை பொறந்த அன்னிக்கு, ஆஸ்பத்திரிக்குப் போற அவசரத்துல தாத்தா கேட்டுல இடிச்சது. 'அதை எடுத்துட்டா அப்புறம் அது யாரு காரு?'ங்கிறது அப்பாவோட வாதம். 'மெக்கானிக்கல் படிக்கிறேல்ல, நீயே சொல்லு'னு பஞ்சாயத்து என்கிட்ட வந்துச்சு.

எனக்குத் தோணினது ஒரே கேள்விதான்: ஓடும்போது இந்தப் பாகம் கைவிட்டா என்ன ஆகும்?

கதவை எடுத்துக்குங்க. உள்ளே இறங்குற மழைத்தண்ணி வெளியேற அடியில ஓட்டை இருக்கும். மண்ணு அடைச்சா தண்ணி தேங்கி, கீழ் விளிம்பு அரிச்சிடும். அரிச்சதை மட்டும் வெட்டி, அதே கனத்துல தகரம் வெச்சு வெல்டிங் பண்ணிட்டா போதும். பட்டி பூசி மறைச்சா மட்டும், உள்ளே துரு தின்னுக்கிட்டே இருக்கும். ஒட்டு சரியா அமையலைன்னா கதவு அசிங்கமா இருக்கும், அவ்வளவுதான்.

பிரேக் அப்படியா? பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். சும்மா நின்ன வண்டியில சிலிண்டரோட உள்சுவர் குழி குழியா அரிச்சுடும். ரப்பர் சீல் அதுல உரசிக் கிழியும். இன்னொரு ஆபத்து, ஹெரால்டோட முன் சக்கரத்துல. மரை போட்ட இரும்புத் தண்டு ஒண்ணு, செம்புக் கலப்பு உலோகக் கட்டைக்குள்ள திரும்பும். ஆயில் விடாம துருப்பிடிச்சா தண்டு முறியும், சக்கரம் மடங்கிடும். முன் சீட்டுல உக்காரப் போறது எங்க பாட்டி. இங்கே சென்டிமென்டுக்கு இடமே இல்லை!

நம்ம திருச்சியிலேயே இதுக்கு உதாரணம் இருக்கு. 2005-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த நீலகிரி மலை ரயிலுக்கு, பழைய சுவிஸ் இன்ஜின்களோட வகையிலேயே புது நீராவி இன்ஜின்களை பொன்மலை பணிமனை செஞ்சு கொடுத்திருக்கு. 2021-ல நிலக்கரியில ஓடுற ஒண்ணும் வந்துச்சு. இரும்பு புதுசு, அது வேலை செய்யற விதம் பழசு. புதுசுங்கிறதை யாரும் மறைக்கவும் இல்லை.

சட்டமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லுது. 2021-ல வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருஷம் தாண்டின வண்டிக்கு 'வின்டேஜ்' அந்தஸ்து வேணும்னா சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் இருக்கக் கூடாது.

கடைசியில என் தீர்ப்பு? சேஸிஸும் நசுங்கின கதவும் பழசே. பிரேக் சிலிண்டர், பைப், முன் சக்கரத் தண்டு எல்லாம் புதுசு. புதுசுன்னாலே நல்லதுன்னு நம்பாம, வெர்னியர் வெச்சு அளந்துதான் வாங்கினோம். கழட்டின பழசெல்லாம் பேர் எழுதி ஒரு டிரங்குப் பெட்டியில இருக்கு. 'புதுக் கதவு விலையைவிட டிங்கர் கூலி ஜாஸ்தி'னு சித்தப்பாவுக்கு இன்னும் கோபம். நியாயம்தான். வித்தியாசத்தை அப்பாவே கொடுத்துட்டார்!

உங்க வீட்டுலயும் ஒரு டிவிஎஸ் 50-யோ, பழைய புல்லட்டோ நிக்கலாம். காயலான் கடைக்குத் தள்ளுறதுக்கு முன்னாடி ஒரு நாள் உக்காந்து லிஸ்ட் போடுங்க. உசுரைக் காப்பாத்துற பாகம் எது, கதை சொல்ற பாகம் எது? முதல் வகையை மாத்துங்க. ரெண்டாவதை மாத்திட்டீங்கன்னா எந்தக் கடையிலயும் திரும்பக் கிடைக்காது மக்களே!